உளி பட்ட காசு

நாணயம் சேர்க்கத் தொடங்குபவருக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் பாடம், காசில் கை வைக்காதே என்பதுதான். புளி போட்டுத் தேய்க்காதே, பாலீஷ் போடாதே, விளிம்பைப் பிடித்தே தூக்கு. ஒரு கீறல் விழுந்தால் விலையில் பாதி போயிற்று. இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கும் ஒரு கிளை அதே துறைக்குள் இருக்கிறது. அங்கே கத்தியால் சுரண்டி, உளியால் கொத்தி, அரத்தால் ராவிய ஐந்து சென்ட் காசு ஒன்று, யார் கையும் படாத அதே ஆண்டுக் காசைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். அமெரிக்காவில் அதற்கு ஹோபோ நிக்கல் என்று பெயர். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கூலி வேலை தேடி அலைந்தவர்களை அங்கே ஹோபோ என்பார்கள். அவர்கள் செதுக்கிய காசு என்பதால் இந்தப் பெயர்.

இந்தக் கிளையில் அசல் எது, போலி எது என்ற கேள்வியே வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. சாதாரணக் காசென்றால் அக்கசாலை அடித்ததா என்று பார்த்தால் போதும். செதுக்கிய காசில் அடியில் இருப்பது அக்கசாலை அடித்ததுதான். அதில் தகராறு இல்லை. ஆனால் 1915 என்று ஆண்டு போட்ட காசை ஒருவர் 1920-இல் செதுக்கியிருக்கலாம், போன வாரமும் செதுக்கியிருக்கலாம். ரசீது கிடையாது, பதிவேடு கிடையாது, செதுக்கியவர் பெயரும் பெரும்பாலும் கிடையாது. சாட்சி சொல்ல மிஞ்சுவது உலோகம் மட்டும். அதை விசாரிக்காமல், காசோடு ஒட்டிவரும் கதைக்குப் பணம் கொடுப்பவர்கள்தான் இந்தச் சந்தையில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் வடிவமைத்த எருமை நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசு 1913-இல் வெளிவந்தது. ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி மனிதர் ஒருவரின் தலை, மறுபக்கம் காட்டெருமை. 1938 வரை நூறு கோடிக்கும் மேற்பட்ட காசுகள் அடிக்கப்பட்டன. விட்டம் 21.2 மில்லிமீட்டர், எடை 5 கிராம், உலோகம் முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும். செதுக்குபவர்கள் இந்தக் காசை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் அமைப்பு. முந்தைய ஐந்து சென்ட் காசில் இருந்த சுதந்திர தேவியின் தலை நாசூக்கானது. சுற்றிலும் நட்சத்திரங்கள் வேறு. ஃபிரேசரின் தலையோ காசை விளிம்புவரை அடைத்து நிற்கிறது. கன்னமும் தாடையும் மேடாக எழும்பியிருப்பதால் வெட்டி எடுக்கத் தாராளமாக உலோகம் கிடைக்கும். வெள்ளிக் காசைவிட இது கடினம், கை நோகும். ஆனால் போட்ட கோடு போட்டபடி நிற்கும்.

வழக்கமான வேலை இதுதான்: உச்சி முடியைச் சீவி உருண்டைத் தொப்பியாக்குவது, பின்னலை எடுத்துவிட்டுக் காதும் சட்டைக் காலரும் வைப்பது, தாடையில் தாடி வரைவது. தொப்பிக்காரர், தாடிக்காரர் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. சிலர் காசைத் திருப்பிக் காட்டெருமையிலும் கை வைத்தார்கள். அது யானையாகும், கழுதையாகும், ஆமையாகும், முதுகில் மூட்டையோடு நடக்கும் மனிதனாகவும் ஆகும். இரண்டு பக்கமும் செதுக்கிய பழைய காசு அபூர்வம்.

காசைச் சுரண்டும் பழக்கம் இவர்களோடு தொடங்கியதல்ல. 1797-இல் பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை நீராவி அச்சில் அடித்த பிரிட்டிஷ் பென்னி, ஓர் அவுன்ஸ் செம்பு கொண்ட கனத்த காசு. வண்டிச் சக்கரம் என்றே அதற்குப் பட்டப்பெயர். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்படக் காத்திருந்த கைதிகள் அதன் இரண்டு முகங்களையும் வழவழப்பாகத் தேய்த்து, மனைவி பெயர், காதலி பெயர், தண்டனைக் காலம், ஓரிரு வரிப் பிரிவு வாசகம் ஆகியவற்றைப் பொறித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட காசுகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவில் பத்து சென்ட் வெள்ளிக் காசைத் தேய்த்துப் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துப் பரிசளிப்பது பெரிய மோகமாக இருந்தது. ஒரு வெள்ளி டாலரைக் குடைந்து, உள்ளே கீல் வைத்து, புகைப்படம் வைக்கும் சிமிழாக்கியவர்கள் இருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவியைச் சற்றே மாற்றி, மலச்சட்டியில் உட்கார வைத்த குசும்பர்களும் இருந்தார்கள். அரசு காசைக் கேலி செய்ய மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேலி மட்டுமல்ல, போராட்டமும் காசில் ஏறியிருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1903-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று இருக்கிறது. ஏழாம் எட்வர்ட் மன்னரின் முகத்தின் மேல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் முழக்கத்தை எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். உலக வரலாற்றை நூறு பொருள்களில் சொன்ன அந்த அருங்காட்சியகத்தின் வரிசையில் இந்தக் காசுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் சேகரிப்பாளருக்கு இதைவிட ஆபத்தான காசு இல்லை. தேய்ந்த பழைய பென்னி சல்லிசாகக் கிடைக்கிறது. எழுத்து அச்சுளி எந்தப் பட்டறையிலும் கிடைக்கிறது. எழுத்தின் பள்ளத்துக்குள் உள்ள செம்பும் மேற்பரப்பில் உள்ள செம்பும் ஒரே பழுப்பில் இருக்கின்றனவா, பள்ளத்துக்குள் மட்டும் புதுச் செம்பு பளிச்சிடுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அருங்காட்சியகக் காசின் எழுத்து வடிவத்தோடு ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடுவது அடுத்தது.

ஹோபோ நிக்கலுக்குத் திரும்புவோம். இந்தக் கலைக்கு இரண்டு பெயர்கள் மகுடமாக நிற்கின்றன: பெர்ட் என்கிற பெர்ட்ராம் வீகண்ட், போ என்கிற ஜார்ஜ் வாஷிங்டன் ஹியூஸ். காசின் மேலிருக்கும் 'லிபர்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் இரண்டு எழுத்துகளையும் கடைசி எழுத்தையும் அழித்தால் நடுவில் 'பெர்ட்' என்று மிஞ்சும். பெர்ட் கையெழுத்துப் போட்டது அப்படித்தான். காசில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்காமல், இருப்பதைக் குறைத்தே தன் பெயரை வரவழைத்திருக்கிறார். போ கறுப்பினத்தவர், சிறு வயதில் வீட்டை விட்டு ரயிலேறி, நாடோடிகள் முகாமொன்றில் பெர்ட்டிடம் தொழில் கற்றவர் என்றும், பிற்காலத்தில் கையில் உளி பாய்ந்து வேலையின் நயம் குறைந்தது என்றும் சொல்லப்படுகிறது. டெல்மா ரோமைன்ஸ் 1982-இல் வெளியிட்ட நூல்தான் இந்த வாழ்க்கைக் கதையை உலகுக்குக் கொண்டுவந்தது. பிறகு எழுதியவர்கள் பெரும்பாலும் அதையே எடுத்தாண்டார்கள்.

கதை உருக்கமானது. அதனால்தான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நூல் வந்த பிறகு நல்ல வேலைப்பாடுள்ள காசு எதைக் கண்டாலும் 'போ செதுக்கியது' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பின்னர் ஸ்டீவன் ஆல்பர்ட் போன்றவர்கள் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காது எப்படி, கண் எப்படி, தொப்பி நாடா எப்படி என்று ஒப்பிட்டுப் பிரித்தபோது, பெயர் தெரியாத பல கைகள் தனித்தனியே தெரியவந்தன. அவர்களில் ஒருவர் செதுக்கும் காது வேர்க்கடலைபோல இருப்பதால் 'கடலைக் காதர்' என்ற பொருளில் அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். செதுக்கியவர்கள் எல்லாரும் ரயிலேறிய நாடோடிகள் என்று நம்பவும் வேண்டாம். நகைத் தொழிலாளிகள், உலோகப் பட்டறைக்காரர்கள், முறையாகப் பொறிப்பு வேலை கற்றவர்கள் என்று பலரின் கைப்பழக்கம் அந்தக் கோடுகளில் தெரிகிறது. கூரிய கோட்டை ஒரே மூச்சில் இழுத்துச் செல்லும் கையை, பேனாக்கத்தியால் குத்திக் குத்திச் சுரண்டிய கையோடு குழப்பிக்கொள்ள முடியாது.

இனி ஒரு காசை மேசையில் வைத்து விசாரிப்போம். முதலில் தராசு. முழுக்காசு 5 கிராம். உலோகத்தை வெட்டி எடுத்த காசு அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நிறையச் செதுக்கியதுபோல் தோன்றும் காசு முழு 5 கிராமோ அதற்கு மேலோ காட்டினால், அது செதுக்கியதல்ல, செதுக்கிய தோற்றத்தோடு வார்த்தோ அச்சிலோ உருவாக்கியது. பிறகு காந்தம். செம்பும் நிக்கலும் முக்காலுக்குக் கால் கலந்த உலோகம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. பிறகு விளிம்பு. இந்தக் காசின் விளிம்பு வரிகள் இல்லாமல் மழமழவென்று இருக்கும். சுற்றிலும் ஒரு மெல்லிய பொருத்துக்கோடு ஓடினால் வார்ப்பு. மண்டையோடு, கடல்கொள்ளைக்காரன் என்று கண்ணைக் கவரும் உருவங்களில் இப்போது குவியும் மலிவுச் சரக்கு பெரும்பாலும் இந்த மூன்று சோதனைகளிலேயே விழுந்துவிடும். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் கண்ணில் பட்டால் மேலும் விசாரிக்கவே வேண்டாம். கையால் வெட்டிய இரண்டு காசுகள் அப்படி அமையாது.

இதைத் தாண்டிய காசுக்குத்தான் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். தொப்பியின் விளிம்பும் மூக்கு நுனியும் கன்ன மேடும் மழுங்கியிருக்கின்றனவா? செதுக்கிய பிறகு காசு சட்டைப்பையில் புரண்டிருந்தால் இந்த மேடுகள் முதலில் தேயும். பள்ளத்துக்குள் உளிக்கோடு கூர்மையாகவே இருக்கும். மேடு, பள்ளம் என்ற வித்தியாசமின்றி எல்லாம் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் யாரோ உருளியில் போட்டுச் சுழற்றிப் பழசாக்கியிருக்கிறார்கள். அடுத்து மறுபக்கத்தைப் பாருங்கள். காட்டெருமையின் கொம்பு அடையாளமே தெரியாமல் தேய்ந்து கிடக்க, முன்பக்கத் தாடியில் ஒவ்வொரு மயிரும் நறுக்கென்று நின்றால், காசு பல ஆண்டுகள் புழங்கி ஓய்ந்த பிறகு செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய கைகள் அன்று புழக்கத்தில் இருந்த, அதிகம் தேயாத காசையே விரும்பின. இந்தக் காசில் ஆண்டு எண் மேட்டில் அமைந்ததால் சீக்கிரம் அழிந்துவிடும். ஆண்டு அழிந்த காசு இன்று மலிவு. மலிவாக இருப்பதால் இன்று செதுக்குபவர்கள் அதை எடுக்கிறார்கள். அமிலம் தடவி ஆண்டு எண்ணை மீட்டிருந்தால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக வெளிறி நிற்கும்.

தேய்மானம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. செதுக்கிய காசைப் புழக்கத்தில் விடாமல், நினைவுப்பொருளாகப் பெட்டியில் பூட்டியவர்கள் உண்டு. அந்தக் காசு நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கூராகவே இருக்கும். அங்கே உதவுவது நிறமும் கருவித் தடமும். செம்பு நிக்கல் உலோகம் மெதுவாகத்தான் மங்கும். சாம்பலும் இளம்பழுப்பும் கலந்த அந்த மங்கல் வெட்டிய இடத்திலும் வெட்டாத இடத்திலும் இயல்பாகப் பரவியிருக்கும். ரசாயனத்தில் முக்கிக் கறுப்பேற்றியது பள்ளங்களில் மைபோலத் தேங்கி, மேட்டில் துடைத்த தடத்தோடு இருக்கும். பின்னணியைத் தேய்த்த விதமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பழைய கை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தது. கோடுகள் கொஞ்சம் ஒழுங்கற்றுப் போகும். மின்சாரச் சுழல்கருவி சின்னச் சின்ன வளையங்களாகத் தடம் விடும்.

புதிதாகச் செதுக்கியது என்பதால் மட்டமானது என்று நான் சொல்லவரவில்லை. ரஷ்யாவின் ரோமன் பூட்டின் வெள்ளி டாலரில் செய்த ஒரு பொறிக் காசு நடுவில் தங்கத்தைக் காட்டி ஆசை காட்டுகிறது. தொட்டால் பொறி விரலைக் கவ்வும். அது பத்தாயிரம் டாலருக்கு மேல் விலைபோனது. பூட்டினின் நுணுக்கத்துக்கு முன் பெர்ட்டும் போவும் கைநடுங்கிகள்போலத் தோன்றலாம். புதிய கலைஞர் தன் பெயரைப் பொறித்துப் புதியதென்று சொல்லி விற்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. பெயரில்லாமல், கறுப்பேற்றி, 'பெருமந்தக் காலத்தில் பசித்த ஒருவன் செதுக்கியது' என்று கதை கட்டும்போதுதான் அது போலியாகிறது. காசும் உளியும் வேலைப்பாடும் அதேதான். சொல்லும் பொய்தான் குற்றம்.

அமெரிக்கச் சட்டம் நிற்பதும் இந்த இடத்தில்தான். காசை மாற்றுவதை அது பொதுவாகத் தடுக்கவில்லை, மோசடி நோக்கத்தோடு மாற்றுவதையே தண்டிக்கிறது. அப்படிப்பட்ட மோசடிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1883-இல் வெளிவந்த ஐந்து சென்ட் காசில் ரோமன் எண் ஐந்து மட்டும் இருந்தது. சென்ட் என்ற சொல் இல்லை. ஐந்து டாலர் தங்கக் காசும் ஏறக்குறைய அதே அளவு. தங்கமுலாம் பூசி, விளிம்பில் வரி போட்டு, ஐந்து டாலராகத் தள்ளிவிட்டார்கள். உண்மைத் தங்கக் காசு 8.36 கிராம், நிக்கல் காசு 5 கிராம். தராசு இருந்த கடைக்காரர் தப்பினார். அந்த ஆண்டே சென்ட் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று ஏமாற்றப் பயன்பட்ட அந்தக் காசுக்கு இன்று சேகரிப்பு மதிப்பு இருக்கிறது. அதனால் சாதாரண 1883 காசுக்கு இன்று முலாம் பூசி, அன்றைய போலி என்று சொல்லி விற்கிறார்கள். போலிக்கும் போலி வந்துவிட்டது.

எருமை நிக்கலிலேயே இன்னொரு புகழ்பெற்ற வலை இருக்கிறது. 1937-இல் டென்வர் அக்கசாலையில் ஓர் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்துச் சுத்தம் செய்ததில் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று அழிந்துபோனது. அந்த மூன்றுகால் காசு விலையுயர்ந்தது. நான்குகால் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுத்தால் ஆயிற்று என்று பலர் கிளம்பினார்கள். ஆனால் அசல் மூன்றுகாலில் வயிற்றுக்கடியிலிருந்து தரைவரை மேடான சிறு புள்ளிகள் ஒரு கோடாக இறங்கும். பின்னங்காலும் அரித்ததுபோல் மெலிந்திருக்கும். அச்சிலிருந்த பள்ளம் காசில் மேடாக விழுந்ததன் அடையாளம் இது. சுரண்டுகிறவரால் உலோகத்தை எடுக்கத்தான் முடியும், இல்லாத மேட்டை எழுப்ப முடியாது. 1943-ஆம் ஆண்டு ஒரு சென்ட் கதையும் இதே ரகம். போர்க்காலத்தில் எஃகில் அடித்த அந்தக் காசுகளில் சில தவறுதலாகச் செம்பில் அடிக்கப்பட்டன. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்களைக் காந்தம் பிடிக்கும், 1948-இன் எட்டில் பாதியை வெட்டி மூன்றாக்குபவர்களை லென்ஸ் பிடிக்கும்.

நம்மூர்ச் சேகரிப்பாளர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய்களில் 1939 மிக அரிது. 1938 எளிதில் கிடைக்கும். எட்டின் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டினால் ஒன்பது. அந்த எண்ணைச் சுற்றி வெள்ளி சற்றே பள்ளமாகவோ வேறு பளபளப்பாகவோ தெரிந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசை எங்கேயோ வாங்கி வைத்துக்கொண்டு கோடீஸ்வரக் கனவு காண்பவர்களும் உண்டு. 'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சன் சுண்டும் காசைப் பார்த்த தலைமுறைக்கு அந்த ஆசை புரியும். அது பெரும்பாலும் லேத்தில் ஒரு காசைக் கிண்ணம்போலக் குடைந்து, இன்னொன்றின் முகத்தை அதற்குள் பொருத்திய மந்திரவாதிச் சாமான். ஒரு பக்கத்தில் விளிம்பை ஒட்டி உள்ளே வட்டமாகப் பொருத்துக்கோடு தெரியும். தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்காது. அமெரிக்காவில் அது சில டாலர் பெறும். பூவா தலையா போட்டு நண்பர்களை ஏமாற்ற அது போதும்.

விலை எப்படித் தீர்மானமாகிறது? அசல் ஹோபோ நிக்கல் சங்கம் 1992-இல் அமைக்கப்பட்டது. பழைய காசுகளைப் பரிசோதித்துச் சான்றிதழும் தருகிறது. வேலைப்பாட்டை மட்டம், சராசரிக்குக் கீழ், சராசரி, சராசரிக்கு மேல், உயர்தரம் என்று ஐந்தாகப் பிரிக்கிறார்கள். மட்டமானது பழையதேயானாலும் சில பத்து டாலருக்கு மேல் போவது கடினம். அடையாளம் காணப்பட்ட கையின் உயர்தர வேலை ஆயிரங்களில் போகும். அடியிலிருக்கும் காசின் ஆண்டுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. அரிய ஆண்டுக் காசைச் செதுக்கியிருந்தால் அந்த அருமை உளியோடு போயிற்று. வழக்கமான தொப்பித் தாடியைவிடப் பெண் முகம், கோமாளி, விலங்கு உருவங்களுக்குக் கிராக்கி அதிகம். என்னைக் கேட்டால், இந்த வரிசையில் முதலில் வைக்க வேண்டியது வேலைப்பாடு, அடுத்தது பழமை, கடைசியில்தான் பெயர். சந்தையில் விற்பவர்கள் பெயரை முதலில் சொல்வதே, மற்ற இரண்டையும் நீங்கள் பார்க்காமல் இருப்பதற்காகத்தான்.

இந்தியாவில் இதைக் கையால் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. செதுக்கும் ஆசை இருந்தால் வெற்றுச் செம்பு வில்லையில் பழகுங்கள். பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முன்னதாகக் கட்டணமோ வரியோ கட்டச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. தன் பெயரில் இப்படிக் கட்டணம் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்பதையும் அந்த வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது.